ரங்கநாதனுக்கு மாலை போதுமா?

ஆகஸ்ட் 12 வந்தா நூலகர் தினம்னு சீர்காழி ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுறோம். கூடவே "தனி ஒருத்தரா நூலகவியலையே உருவாக்கின மேதை"ன்னு ஒரு பேச்சு. மேதைங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை மக்களே. அந்த 'தனி ஒருத்தர்' தான் இடிக்குது.

1931-ல வந்த ஐந்து விதிகள் புத்தகத்தையே எடுத்துக்குங்க. முதல் விதி, 'புத்தகங்கள் பயன்பாட்டுக்கே'. அந்த வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தது அவரோட கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ். சொன்னது வேற யாருமில்லை, ரங்கநாதனேதான்.

அடுத்து 1933-ல கோலன் பகுப்பு. தஞ்சாவூர் நெற்பயிர் நோய் பத்தி ஒரு புத்தகம் வருதுன்னு வைங்க. அதுக்குன்னு முன்னாடியே ஒரு எண் எழுதி வைக்க வேணாம். நெல், நோய், தஞ்சாவூர்னு தனித்தனி முகமாப் பிரிச்சுச் சேர்த்துக்கலாம். பின்னாடி இந்த முகங்களை எல்லாம் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம்னு அஞ்சு வகைக்குள்ள அடக்கினார்.

1952-ல லண்டன்ல சில நூலகர்கள் சேர்ந்து வகைப்பாட்டு ஆய்வுக் குழு ஆரம்பிச்சாங்க. விக்கரி, மில்ஸ், ஃபாஸ்கெட் எல்லாம் அதுல இருந்தவங்க. ரங்கநாதன் மேல பெரிய மரியாதை. ஆனா அறிவியல், தொழில்நுட்பத்துக்கு அஞ்சு வகை பத்தாதுன்னு பகுதி, பண்பு, செயல்முறை, கருவின்னு பட்டியலை நீட்டினாங்க. தகவல் தேடலுக்கே இந்த முகப் பகுப்புதான் அடிப்படையா இருக்கணும்னு 1955-ல அறிக்கை விட்டதும் அவங்கதான்.

"கும்பல் சேர்ந்தா சமரசம்தான் வரும், தியரி வராது"ம்பாங்க. புதுசா ஒரு பொது வகைப்பாடு செய்யணும்னு இந்தக் குழு 60-கள்ல எடுத்த முயற்சி முழுசா முடியலைங்கிறது உண்மைதான். ஆனா அந்த உழைப்புல இருந்துதான் டெரெக் ஆஸ்டினோட பிரெசிஸ் வந்துச்சு. 1971-ல பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் அதை எடுத்துக்கிச்சு.

பொட்டி தட்டுறவனுக்கு இது நல்லாப் புரியும். எழுதினவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ரிவ்யூல நாலு பேர் கேள்வி கேட்டாத்தான் கோட் உருப்படும். இன்னிக்கு ஷாப்பிங் தளத்துல பிராண்ட், விலை, சைஸ்னு ஃபில்டர் பண்றோமே, அதுவும் இந்த முகச் சிந்தனைதான்.

மாலை போடுறது தப்பில்லை. ஆனா லண்டன்காரங்க அவரோட சண்டை போட்டாங்க, நாம கும்பிடுறதோட நிறுத்திக்கிறோம். ஒரு தியரியை மதிக்கிறதுன்னா அதுல அடுத்த வரியை எழுதுறதுதானே? நீங்க என்ன சொல்றீங்க?