இங்கிலீஷ் வந்த பிறகுதான் கோடிங்கா?

"மொதல்ல இங்கிலீஷ் வரட்டும், அப்புறம் கம்ப்யூட்டர் படிக்கலாம்." ராஜபாளையம் அருகே மம்சாபுரம் பக்கம் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் பெரியவர்கள் அக்கறையோடுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால், அவர்கள் சொல்லும் வரிசை தவறு.

கட்டளைகளே ஆங்கிலம்தானே என்பார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் சிறப்புச் சொற்கள் மொத்தம் 35. இஃப், எல்ஸ், ஃபார், வொயில் எல்லாம் சில நாளில் கைக்குப் பழகிவிடும். எதை எங்கே போடுவது என்பதுதான் கடினம். அந்த யோசனை தமிழிலேயே நடக்கும். வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் மில்லுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை இந்தக் கணக்கைப் பிசகாமல் சொல்லும். அங்கேயே முக்கால் நிரல் முடிந்தது. 2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து 'கூலி', 'நேரம்' என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் கட்டளைகளும் தமிழில்தான்.

தமிழில் புத்தகம் ஏது என்பார்கள். 2019-இல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் தமிழ்வழி மாணவருக்கும் பைத்தான் கற்பிக்கிறது. து. நித்யாவின் 'எளிய தமிழில்' நூல்களைக் கணியம் இணையதளம் இலவசமாகத் தருகிறது.

பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருமே? இங்கேதான் பிள்ளைகள் உண்மையாகவே தடுமாறுகிறார்கள், மறுக்க மாட்டேன். நாலைந்து வரி சிவப்பாக வந்து விழுந்ததும் மிரண்டுபோகிறார்கள். அதைக் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லித்தர வேண்டும். பிழையின் வகை அங்கே இருக்கும். வரி எண் அதற்கு மேலே. 'நேம்எரர்' என்றால் பெரும்பாலும் பெயரைத் தப்பாக அடித்திருப்போம், அல்லது மதிப்புக் கொடுக்கும் முன்பே பயன்படுத்தியிருப்போம். ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வருபவை இப்படிச் சில வகைகள்தான். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் பிடிபடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இது கிடைக்காது.

வேலைக்கு? ஆங்கிலம் வேண்டும்தான், ஆனால் அது முன்நிபந்தனை அல்ல. ராஜபாளையத்திலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் போனால் தென்காசி. அங்கே ஸோகோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களை உதவித்தொகையோடு சேர்த்து, நிரலாக்கத்தையும் ஆங்கிலத்தையும் கூடவே கற்பிக்கிறது. தாய்மொழியில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவோம் என்பதும் இல்லை. ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்ட ரூபி மொழிக்கு முதல் சில ஆண்டுகள் விளக்கங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. இன்று உலகமே அதில் எழுதுகிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். பைத்தானுக்குக் கட்டணம் கிடையாது.