ஈறு நோய்க்கு இரட்டைப் படிப்பு: திண்டுக்கல்லுக்கு ஏன் தேவை, ஏன் கிடைக்கவில்லை?

"பல்லு ஆடுது டாக்டர், எடுத்து விட்டுடுங்க."

திண்டுக்கல் நாகல் நகரில் ஏதாவது ஒரு பல் கிளினிக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்பவருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. பல்லில் சொத்தையும் இருக்காது. பல் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பிடித்து நிற்கும் எலும்பு கரைந்து போயிருக்கும். இதுதான் பெரியோடான்டைட்டிஸ், அதாவது முற்றிய ஈறு நோய். வலிக்காது, அவசரப்படுத்தாது, பல வருடம் எடுத்துக்கொண்டு வேலையை முடிக்கும். உலகம் முழுக்க 100 கோடிக்கும் அதிகமானோருக்கு இது தீவிர நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங்கை எந்த பி.டி.எஸ். மருத்துவரும் செய்துவிடுவார். ஈறுக்குள் ஆழமாகப் பை விழுந்து, ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்ய வேண்டிய நிலை வந்தால், பெரியோடான்டாலஜியில் எம்.டி.எஸ். முடித்தவரிடம் போக வேண்டும். அதுவரை எல்லாருக்கும் புரியும். அதற்கு மேல் ஒருவர் பிஎச்.டி.யும் எதுக்குப் படிக்கணும்? வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்கள் சிறப்பு மருத்துவப் பயிற்சியையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஒரே படிப்பாகவே சேர்த்துத் தருகின்றன. ஒருவரே இரண்டையும் கற்க வேண்டிய அவசியம் என்ன?

பதிலைத் தேடி இலங்கை மலையகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

480 தோட்டத் தொழிலாளர்கள்

நார்வேக்காரரான ஹரால்ட் லோ 1965-ல் ஒரு சோதனை நடத்தினார். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சரியானது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம் என்பது இதில் உறுதியானது.

அடுத்த கேள்வி: வருடக்கணக்கில் துலக்காமலே விட்டால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள 1970-ல் அவரது குழு இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. அங்கே வேலை செய்த 480 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் மலையகத் தமிழர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள். பல் சிகிச்சை எட்டியதே இல்லை, பல் துலக்கும் வழக்கமும் இல்லை என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 15 வருடத்தில் ஆறு முறை வாயைப் பரிசோதித்தார்கள். 1985-ல் கடைசிப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 161 பேர்.

1986-ல் வெளியான முடிவு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. சுமார் 8% பேருக்கு நோய் வேகமாக முற்றியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. 81% பேருக்கு மிதமான வேகம். 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மிச்சமிருந்த 11% பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. 2010-ல் இன்னொரு குழு போய்த் தேடியபோது, பழைய 480 பேரில் 75 பேரைத் திரும்பப் பரிசோதிக்க முடிந்தது.

அந்த 11 சதவீதத்தைக் கவனியுங்கள். அவர்களும் துலக்கவில்லை. அவர்கள் பல்லிலும் காரை அடுக்கடுக்காக இருந்தது. ஆனாலும் எலும்பு கரையவில்லை. அப்படியென்றால் அழுக்கு மட்டுமே காரணம் இல்லை. கிருமிக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இந்த வித்தியாசத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவர்தான் கண்ணால் பார்க்க முடியும். ஏன் என்று கண்டுபிடிக்க நோய் எதிர்ப்பியல், மரபியல், புள்ளியியல் எல்லாம் வேண்டும். எம்.டி.எஸ். பாடம் அவற்றைத் தொட்டுக்காட்டும், ஆனால் அவற்றில் பழக்கிவிடாது. ஆய்வகத்தில் மட்டும் இருப்பவருக்கோ நோயாளியின் வாய் எட்டாது. இரட்டைப் படிப்பின் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் ராபர்ட் ஜென்கோ இதற்கு நல்ல உதாரணம். அவர் ஈறு சிகிச்சை நிபுணர். கூடவே நோய் எதிர்ப்பியல் துறையில் பிஎச்.டி. முடித்தவர். அரிசோனாவின் பிமா பழங்குடியினரிடம் அவர் பங்கேற்ற ஆய்வு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று 1990-ல் காட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் எதிர்த்திசையையும் நிரூபித்தன: ஈறு நோய்க்குச் சிகிச்சை கொடுத்தால் மூன்று, நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி வரை குறைகிறது. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்ததற்குப் பக்கத்தில் வரும் பலன் இது.

நம்ம ஊர்க் கணக்கு

ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான இண்டியாப் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய். திண்டுக்கல்லுக்கு இதோடு புகையிலையும் சேர்கிறது. சுருட்டுக்கும் வாய்ப்புகையிலைக்கும் பேர்போன ஊர் இது. புகைப்பவருக்கு ஈறின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்தக்கசிவு குறைவாகவே இருக்கும். 'ரத்தமே வரலையே, ஈறு நல்லாத்தான் இருக்கு' என்று அவர் நினைத்துக்கொள்வார். புகையிலையை அடக்கிவைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். சர்க்கரையும் புகையிலையும் ஒரே வாயில் சேரும்போது நோய் எந்த வேகத்தில் போகும், யாருக்கு முதலில் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஊர் மக்களிடம் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டியவை. வேடசந்தூரில் புகையிலைச் செடிக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வந்தது. புகையிலை போடும் வாய்க்கு அப்படி ஒன்று யோசிக்கப்படவில்லை!

பாதை எப்படி இருக்கு?

நாகல் நகரிலிருந்து ஒரு பெண் பிளஸ் டூ முடித்து இந்த வழியில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.டி.எஸ். பயிற்சிக்காலத்தோடு 5 வருடம். நீட் எம்.டி.எஸ். எழுதி சீட் கிடைத்தால் 3 வருடம். அதற்குப் பிறகு பிஎச்.டி.க்கு யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது 3 வருடம், பொதுவாக 6 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆக மொத்தம் 11 முதல் 14 வருடம். இடைவெளியே விடாமல் படித்தாலும் முப்பதைத் தொட்டுவிடுவார்.

திண்டுக்கல்லில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. மாநிலத்தில் இருப்பவை மூன்று: சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. புதுக்கோட்டை திறந்தது 2023 நவம்பரில்தான். மதுரையில் தனியார் கல்லூரிகள் உண்டு, கட்டணம் வேறு கணக்கு.

சிக்கல் வருடங்களில் மட்டும் இல்லை. நம் முறையில் படிப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, ஒன்றோடொன்று பின்னப்படுவதில்லை. எம்.டி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் நோயாளி பார்க்கும் வேலைக்கு நடுவே, சில டஜன் பேரை மூன்று மாதம் கவனித்து எழுதுவதே பெரும்பாலும் சாத்தியம். பட்டம் வாங்கியதும் அந்த நோயாளிகளோடு தொடர்பும் அறுந்துவிடும். பிஎச்.டி.க்கு வரும்போது புதுத் தலைப்பு, புது நோயாளிகள், அதுவும் பெரும்பாலும் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக. கல்லூரிப் பேராசிரியர் ஆவதற்கு எம்.டி.எஸ்., அனுபவம், வெளியிட்ட கட்டுரைகள் போதும், பிஎச்.டி. கட்டாயம் இல்லை. பிறகு யார் மெனக்கெடுவார்கள்? இம்பிளான்ட் வைக்கக் கற்றுக்கொண்டு கிளினிக் திறப்பதுதான் புத்திசாலித்தனம் என்று வீட்டில் சொன்னால், அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சேர்ந்த படிப்பு தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிறப்புப் பயிற்சிக்கு 3 வருடம், ஆராய்ச்சியையும் சேர்த்தால் இன்னும் சில வருடம் ஆகும். ஹார்வர்டில் பெரியோடான்டாலஜியோடு மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் சேர்ந்து வருகிறது. பயிற்சியின்போது பார்க்கும் நோயாளிகளிடமிருந்தே ஆராய்ச்சிக் கேள்வியை எடுத்துக்கொள்ள இந்த அமைப்பு இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அமெரிக்க அரசின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனம் தரும் பயிற்சி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். நம் பிள்ளைகள் கடன் வாங்கித்தான் போக வேண்டியிருக்கும். திரும்பி வந்தால் அந்தப் பட்டம் இங்கே எம்.டி.எஸ்.ஸுக்குச் சமமாக ஏற்கப்படுமா என்பதை விமானம் ஏறும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் மாறியிருக்கு, பாடத்திட்டம்?

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இளநிலை, முதுநிலைக் கல்விக்கென்று தனி வாரியம் இதில் உண்டு. பேச்செல்லாம் புதிய எக்ஸிட் தேர்வைப் பற்றியே இருக்கிறது. எம்.டி.எஸ். ஆய்வேட்டையே பிஎச்.டி.யின் முதல் கட்டமாக ஏற்று, நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்யும் ஒரு பின்னிய படிப்பை இந்த வாரியம் யோசிக்கலாம். புதுக் கட்டடம் தேவையில்லை. உதவித்தொகை மட்டும் வேண்டும், ஏனென்றால் முப்பது வயதுக்காரர் வீட்டை நம்பிப் படிக்க முடியாது.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சர்க்கரை நோயாளிகள் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிற இடம் அது. ஈறுப் பையின் ஆழத்தை அளக்க மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு சின்னக் கம்பி போதும். 3 மில்லிமீட்டர் வரை கவலை இல்லை, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சர்க்கரை அளவை எழுதும் அதே சீட்டில் இந்த எண்ணையும் எழுதிவைத்தால், பத்து வருடம் கழித்துப் பிஎச்.டி. செய்ய வருகிறவர் 1970-லிருந்து தொடங்க வேண்டியிருக்காது.