பதுங்கும் புலியெல்லாம் பாய்வதில்லை

"புலி பதுங்குவது பாய்வதற்கே!" டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடும் பலருக்கு இதுதான் வேதவாக்கு. முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டுமே ஏஸ். ஆனால் ரெய்ஸ் பண்ணாமல், ஒன்றும் தெரியாத மாதிரி வெறும் கால் மட்டும் பண்ணுவார்கள். எல்லோரும் உள்ளே வரட்டும், அப்புறம் மொத்தமாக அள்ளிவிடலாம் என்று கணக்கு. இதற்குப் பெயர் ஸ்லோ பிளே. பெரும்பாலும் இது நஷ்டக் கணக்குதான்.

ஜோடி ஏஸ் சராசரியாக 221 முறைக்கு ஒரு முறைதான் வரும். எதிரே ஏதோ ஒரு கையோடு ஒரே ஒருவர் இருந்தால், கடைசிச் சீட்டு வரை போகும்போது ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். மூன்று பேர் என்றால் 64. நான்கு பேர் என்றால் 56. கையில் இருப்பது அதே ஏஸ்தான், கூடியது கூட்டம் மட்டுமே!

ஐந்தில் ஒரு பங்கு பணம் போட்டு பாதிக்கு மேல் ஜெயித்தால் லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான், ஆனால் அந்தச் சின்ன பாட்டில் மட்டும். பெரிய பணம் அதற்குப் பிறகுதான் உள்ளே போகிறது. பெரிய பிளைண்ட் 100 என்று வைத்துக்கொள்வோம். அதைப் போட்டவர் கையில் 8-6. யாரும் ரெய்ஸ் பண்ணாததால் மேற்கொண்டு பைசா போடாமல் ஃப்ளாப் பார்க்கிறார். விழுவது 8, 6, 2. அவருக்கு இரண்டு ஜோடி! ஏஸ்காரருக்கோ அது ஆபத்தில்லாத ஃப்ளாப். இருப்பதையெல்லாம் வைத்து இழக்கிறார். முதலிலேயே 400 ஆக்கியிருந்தால் அந்த 8-6 அநேகமாகக் கீழே போயிருக்கும். ஒன்றும் கிடைக்காதவர்கள் 100 உடன் எழுந்துபோவார்கள். ஏஸை முந்தியவர் மட்டுமே கடைசி வரை நிற்பார். ஜெயித்தால் சில்லறை, தோற்றால் முதலுக்கே மோசம்.

உடனே 1988 உலக போக்கர் தொடர் இறுதி ஆட்டத்தைக் காட்டுவார்கள். ஜானி சான் பதுங்கியே எரிக் சைடலை வீழ்த்தினார். 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' படத்திலும் அந்தக் காட்சி வருகிறது. உண்மைதான். ஆனால் எதிரே இருந்தது ஒரே ஒருவர். ஃப்ளாப்பிலேயே சானுக்கு ஸ்ட்ரெயிட் முழுதாக அமைந்துவிட்டது. ஜோடி ஏஸ் அப்படியல்ல. அது வெறும் ஒரு ஜோடி!

பின்னால் நிச்சயம் ரெய்ஸ் பண்ணும் முரட்டு ஆட்டக்காரர் இருந்தால் பதுங்கலாம். மற்ற நேரத்தில், நல்ல சரக்கு வைத்திருப்பவர் விலையைச் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம்.