கொட்டடிக்கிறவர் கையில் மைக்

ராப் மெட்டல்னு வாயெடுத்தாலே நம்ம பதிவர் மக்கள்கிட்ட ரெண்டு விதமான பதில்தான் வருது. ஒண்ணு, "ஐயோ அந்தக் காட்டுக் கத்தலா?" இன்னொண்ணு, "அதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்யா, கரிசக்காட்டுல பொறந்தவனுக்கு அதுல என்ன சோலி?" முதல் ஆளோட எனக்குச் சண்டை இல்லை, காது அவரோடது. ரெண்டாவது ஆளுக்காகத்தான் இந்தப் பதிவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஆளுக்கு அந்தச் சத்தம் ஒண்ணும் அந்நியம் இல்லைங்கிறது என் கட்சி. சத்தத்தை விட முக்கியமா இன்னொரு விஷயமும் இருக்கு, அதுக்குக் கடைசியில வர்றேன்.

மெட்டல் கிடார்ல பெரும்பாலும் ரெண்டு மூணு சுரம்தான் ஓடும். கம்பியை உள்ளங்கை ஓரத்தால பாதி அமுக்கிக்கிட்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பாங்க. ஆம்ப்ளிஃபயரைத் திணற விட்டுச் சத்தத்தைக் கரகரன்னு ஆக்குவாங்க. தடிமனான கம்பியை இன்னும் கொஞ்சம் தளர்த்தி உறும விடுவாங்க. அதுக்கு மேல ராகம் இழுத்துப் பாடாம, தாளத்துல சரியா உக்கார்ற மாதிரி படபடன்னு பேசினா அது ராப் மெட்டல். அவ்வளவுதான் செய்முறை.

இந்த உறுமலுக்குப் பின்னாடி ஒரு தொழிற்சாலைக் கதை இருக்கு. பிளாக் சபாத் குழுவோட டோனி ஐயோமி, இங்கிலாந்துல பர்மிங்காம் நகரத்துல தகடு வெட்டுற ஆலையில வேலை பார்த்தவர். 1965ல, பதினேழு வயசுல, மிஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போயிருச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சார். மெல்லிசான கம்பி போட்டார், பின்னாடி கம்பியைத் தளர்த்தவும் ஆரம்பிச்சார். வலி குறையணும்னு செஞ்சது ஒரு இசைக்கே குரலாயிருச்சு. அருப்புக்கோட்டையில விசைத்தறி ஓடுற தெருவுல ராத்திரி படுத்துத் தூங்கினவனுக்கு இது புரியாதா என்ன? அந்த டடக் டடக் சத்தம் நின்னாத்தான் அவனுக்கு முழிப்பு வரும் :)

தறியை விடுங்க, உறுமிய எடுத்துக்குவோம். ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால அழுத்தி இழுப்பாங்க, மறுபக்கம் அடி விழும். அந்த இழுப்புல ஒரு முனகல் வரும் பாருங்க, டிஸ்டார்ஷன் பெடல் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதோட தப்பு சேரணும். ஒரு கையில நீளமா மெல்லிசா மூங்கில் குச்சி, இன்னொரு கையில குட்டையா அடிகுச்சி. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி முறுக்கேத்தின உடனே விழுற முதல் அடி நெஞ்செலும்புல கேக்கும், காதுல இல்ல. மெட்டல் கச்சேரிக்குப் போறவங்க சொல்ற அதே விஷயம்தான்.

சத்தம் ஒத்துப் போறதை மட்டும் சொல்லி "அப்பவே நம்மகிட்ட எல்லாம் இருந்துச்சு"ன்னு மார்தட்டுற பதிவு இல்ல இது. அந்த மாதிரிப் பதிவுகள் ஏற்கனவே தேவைக்கு மேல இருக்கு.

ராப் மெட்டல்ல புதுசு சத்தம் இல்ல. கொட்டும் பேச்சும் ஒரே ஆளுங்க கையில இருந்ததுதான் புதுசு. 1986ல ரன் டிஎம்சியும் ஏரோஸ்மித்தும் சேர்ந்தாங்க, 1991ல பப்ளிக் எனிமியும் ஆந்த்ராக்ஸும் சேர்ந்தாங்க. அதெல்லாம் ரெண்டு வீட்டுக்காரங்க கை குலுக்கினது. 1992ல வந்த ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் முதல் ஆல்பம்தான் ஒரே வீட்டுச் சமையல். ஸாக் டி லா ரோச்சா பேசுறதும் டாம் மொரெல்லோவோட கிடார் கீறுறதும் ஒரே வாய் மாதிரி இருக்கும். சாம்பிள், கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் இதுல இல்லைன்னு ஆல்பத்துலயே அச்சடிச்சிருந்தாங்க. அந்தக் குறிப்பை ஞாபகம் வெச்சுக்குங்க. போலீஸ், இனவெறி, போர்னு யார் மேல கோபம்னு பேர் சொல்லித் திட்டின பாட்டுகள் அவங்களோடது. கோபத்துக்கு விலாசம் இருந்துச்சு.

அதே செய்முறையை லிம்ப் பிஸ்கிட் மாதிரி ஆளுங்க எடுத்தப்போ விலாசம் கிழிஞ்சு போச்சு. 1999 வுட்ஸ்டாக்ல அவங்க வாசிக்கும்போது கூட்டம் பலகைகளைப் பேத்துச்சு. அந்த விழா முழுக்கப் பொம்பளைப் பிள்ளைகள் மேல நடந்த அத்துமீறல்கள் தனி அசிங்கம். சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். யாரை நோக்கிங்கிறது இல்லாததால பக்கத்துல நின்னவன் மேல விழுந்துச்சு. நம்ம சினிமாவுல ஹீரோ மெதுவா நடந்து வர்றப்போ கிடார் உறுமி, பின்னாடி நாலு பேர் ராப் பண்றதும் இந்த வகைதான். கோபம் பூரா ஹீரோவோட சட்டைக் காலர்ல போய் நிக்குது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பொங்கல் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறாய்ங்கள்ல, அதை ஒருதடவை உக்காந்து படிங்க. நாதஸ்வரக் குழுவுக்குப் பேர் இருக்கும். மைக் செட்டுக்குப் பேர் இருக்கும். பந்தல், பட்டாசு, அன்னதானம், உபயம் கொடுத்தவரோட பேரன் வரைக்கும் பேர் இருக்கும். தப்பு அடிக்க வர்றவங்களுக்குப் பெரும்பாலும் "கொட்டு"ன்னு ஒரு வார்த்தை. அடிக்கிறது அவங்க, ஆடுறது இவங்க, மைக்ல பேசுறது வேற ஒருத்தர். சாமி இறங்குறதே அந்த அடியிலதான், ஆனா கோயில் வாசல்ல அந்தக் கை எதுவரைக்கும் வரலாம்னு கோடு போட்டு வெச்ச ஊர்கள் உண்டு. சாவு வீட்டுக்கு அடிக்கிறது விருப்பம் இல்ல, கட்டாயம்னு சாதி வெச்ச வேலையா அது இருந்துச்சு. அதனாலதான் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேர் "இனி அடிக்க மாட்டோம்"னு தப்பைக் கீழ வெச்சாங்க. "அடடா, கலை அழியுதே"ன்னு டவுன்ல உக்காந்து வருத்தப்படுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். கீழ வெச்சதும் ஒரு பேச்சுதான்யா.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ அறிவிச்சப்போ சந்தோஷமா இருந்துச்சு. பறைக்கு மரியாதை வந்துச்சு, சரி. அடிச்சவருக்குப் பேச்சு வந்துச்சான்னா, அது வேற கணக்கு.

அந்தக் கணக்கை நேரா போட்டது காஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு நினைக்கிறேன். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு, 2018 ஜனவரி 6ல கீழ்ப்பாக்கத்துல முதல் மேடை. பேரே அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர்ங்கிறதுல இருந்து எடுத்தது. கண்டிப்பான ஆளுங்க "இது ராப் மெட்டல் இல்லையே, கானாவும் ராக்கும் ராப்பும்தானே"ம்பாங்க. வாஸ்தவம்தான், கிடார் அவ்வளவு கனம் இல்ல. ஆனா கட்டமோளமும் சட்டியும் பறையும் அடிக்கிற மேடையிலயே அறிவு நின்னு இட ஒதுக்கீட்டைப் பத்திப் பேசுறாரு, இசைவாணி பாடுறாங்க. யார் மேல கோபம், எதுக்குக் கோபம்னு எல்லாம் வெளிப்படை. டெல்லியில பிளட்டிவுட்னு ஒரு குழு, தோலும் மெட்டலும் ராப்பும் சேர்த்து 2022ல ரக்ஷக்னு ஆல்பம் போட்டாங்க. (அந்தத் தோல், பஞ்சாபிக் கொட்டு, நம்ம ஆட்டுத்தோல் இல்ல.) செய்முறைப்படி பார்த்தா அவங்கதான் சுத்தமான ராப் மெட்டல். வெளிநாட்டு மேடையெல்லாம் அதிருது. எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கீழ்ப்பாக்கம் மேடைதான் எனக்கு நம்ம ஊருக்குக் கிட்டத்துல இருக்கு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. இப்ப லேப்டாப் வெச்சிருக்கிற எந்தப் பையனும் பறை சத்தம், உறுமி சத்தம்னு சாம்பிள் கட்டு இறக்கி, மேல ஒரு கனமான கிடாரைப் போட்டு "தமிழ் மெட்டல்"னு விட்டுறலாம். நல்லாவும் இருக்கும், மறுக்கல. ஆனா அந்தச் சாம்பிளுக்குச் சம்பளம் கிடையாது, டீ கிடையாது, எதிர்த்துப் பேசுற வாய் கிடையாது. திருவிழா நோட்டீஸ்ல "கொட்டு"ன்னு போட்ட அதே வேலையைத்தான் கம்ப்யூட்டர்ல செய்றோம். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் அந்தக் குறிப்பை எதுக்குப் போட்டாங்களோ தெரியாது, நான் அதை இப்படித்தான் படிக்கிறேன்.

நம்ம பக்கத்துக் காலேஜ்ல ஒரு பய கிடாரும் பெடலும் வெச்சிருந்தா, உறுமி அடிக்கிற வீட்டுப் பையனை "அண்ணே, ஒரு ரெண்டு அடி ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்"னு கேக்க வேணாம். பாட்டையே அவனை எழுதச் சொல்லட்டும். அவன் "எனக்கு இந்த உறுமியே வேணாம், நான் கிடார் கத்துக்கிறேன்"னு சொன்னா அந்தக் கிடாரைக் கொடுக்கட்டும்.

டிஸ்கி: கேக்க ஆரம்பிக்கிறவங்க மொபைல் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல திட்டாதீங்க சாமிகளா. அதுல அடிச்சத்தமே வராது. நல்ல ஹெட்போன் இல்லைன்னா, மைக் செட் வாடகைக்கு விடுற அண்ணாச்சி யாரையாச்சும் சிநேகம் பிடிச்சு வெச்சுக்குங்க :)