ஏழு முறை முழங்கிய குரல்

இடி இடிக்கும் இரவில் வாய்விட்டுப் படிக்க ஒரு பாடல் இருக்கிறது. பைபிளில் 29ஆம் சங்கீதம். மொத்தம் 11 வசனங்கள்தான். அதற்குள் கர்த்தரின் குரல் 7 முறை முழங்குகிறது.

முதலில் கடல்மேல் இடி. அடுத்து லெபனோன் மலை. அங்கே வளரும் கேதுரு மரம் உறுதிக்குப் பெயர்போனது. சாலொமோன் ராஜா எருசலேம் ஆலயத்தைக் கட்ட வரவழைத்த மரம் அது. அந்தக் கேதுருவே முறிந்து விழுகிறது. சீரியோன் என்றும் அழைக்கப்படும் எர்மோன் மலை 2,814 மீட்டர் உயரம். அதுவும் கன்றுக்குட்டிபோலத் துள்ளுகிறது. கடைசியில் காதேஸ் வனாந்தரம் அதிர்கிறது.

அந்நாளில் கானானியர் இடி, மழைக்கென்று பாகாலை வணங்கினார்கள். அந்த இடியும் கர்த்தருடையதே என்கிறது பாடல்.

மலையே ஆடினால் நான் எம்மாத்திரம் என்று மனம் பதறுகிறதா? கடைசி வசனத்துக்கு வாருங்கள். கேதுருவை முறித்த அதே வல்லமை இப்போது மக்களுக்குப் பெலனாக வருகிறது, சமாதானமாக இறங்குகிறது. எபிரெய மொழியில் பாடலின் கடைசிச் சொல்லே ‘ஷாலோம்’, அதாவது சமாதானம்.

நோயோ கடனோ வீட்டைக் குலுக்கும்போது, கேதுருபோல நாம் நம்பியிருந்த வேலையும் சேமிப்பும் முறிந்து போகலாம். புயலே வராது என்று இந்தப் பாடல் சொல்லவில்லை. பெருவெள்ளத்துக்கும் மேலே ஒருவர் வீற்றிருக்கிறார் என்கிறது.

இன்றிரவு தூங்கப் போகும் முன் ஒரு முறை படியுங்கள். கடைசி வசனத்தை மட்டும் இரண்டு முறை.