போறணையை வெடிக்க வைத்தது குளிர் இல்லை



பின்வளவில் செங்கல்லால் விறகுப் போறணை கட்டுவது பற்றி இந்த மாதம் மட்டும் நாலு பேர் எனக்கு எழுதிவிட்டீர்கள். ஒரு பிள்ளை, "பீட்சா சுட ஒரு போறணை கட்டலாமா ரீச்சர்?" என்று கேட்டிருக்கிறா. மற்ற மூவரும் கேட்கவில்லை, தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள்: "உந்தப் பனி நாட்டுக்கு உது சரிவராது." மருமகன் முறையான ஒருவர், "மாமி, உது இத்தாலிக்காரன்ர சாமான், இல்லாட்டி எங்கட ஊர் வெயிலுக்குச் சரி. கனடாவில கட்டினால் ரெண்டு விண்டரில வெடிச்சுப் போகும்" என்று குரல்பதிவே அனுப்பியிருக்கிறார். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கும். எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளம்தான், தேநீரை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சரிவரும். நன்றாகவே சரிவரும். சரிவராதது நீங்கள் கட்டுகிற விதம்.

உங்களில் பலருக்கு நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடும் என்று எழுதிப் புள்ளியும் வாங்கினீர்கள். போத்தலை நிரப்பி, இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வகுப்பில் எல்லாக் கையும் உயரும். அதே கைகள் இப்போது போறணைக்குள் தண்ணீரை விட்டுவிட்டு, வெடித்ததும் குளிரைத் திட்டுகின்றன. மைனஸ் 20 பாகையில் உலர்ந்து கிடக்கும் செங்கல்லுக்கு ஒரு கேடும் வராது. நனைந்த செங்கல்தான் சாகும். அதிலும் நடு ஜனவரியைவிடப் பகலில் உருகி இரவில் உறைகிற மார்ச் மாதம்தான் அதற்கு எமன்.

இது என் கற்பனை என்று நினைப்பவர்கள் கியூபெக்கைப் பாருங்கள். நம்மைவிடக் கடும் குளிர். அங்கே கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வெளியே, வெறும் களிமண்ணால் போறணை கட்டிப் பாண் சுட்டிருக்கிறார்கள். லீஸ் பொய்லி, ஜான் பிரான்சுவா பிளான்ஷெத் என்ற இருவர் அந்தப் போறணைகளைத் தேடி ஆராய்ந்து எழுதிய நூல் ஆங்கிலத்தில் 1979இல் வெளிவந்தது. அந்தப் போறணைகளின் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: மேலே பலகையாலோ தகரத்தாலோ ஒரு கூரை. களிமண்ணையே அந்தப் பனியில் காப்பாற்றியது அந்தக் கூரைதான். நீங்கள் ஃபயர் பிறிக் வாங்கிக் கட்டிவிட்டு, கூரை போட்டால் படத்துக்கு வடிவில்லை என்கிறீர்கள்.

இனி நிலத்துக்கு வருவோம், அதிக அநியாயம் நடப்பது அங்கேதான். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், போறணை கட்டித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கக்கூடிய காசைக் கொடுத்தான். வந்தவர் புல்லைச் செருக்கி, 4 அங்குலக் கொங்கிறீற்றை நிலத்தின் மேலே ஊற்றி, அதன்மேல் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கல்லை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது வசந்தத்தில் தளம் ஒரு பக்கம் தூக்கி நின்றது. வாசல் வளைவின் நடுவால் விரல் நுழையும் வெடிப்பு. புகைபோக்கி பக்கத்து வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கூப்பிட்டுக் கேட்டதற்கு அந்த மனிதர் சொன்ன பதில்: "இந்த நாட்டுக் குளிருக்கு இப்படித்தான் அண்ணை." அந்தப் பதிலை நம்பித்தான் நீங்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். எனக்குக் கோபம் வந்ததும் அந்தப் பதிலால்தான்.

ரொறன்ரோப் பக்கம் அத்திவாரம் 4 அடி ஆழம் போகவேண்டும் என்பது வீடு கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வடக்கே போகப் போக இன்னும் ஆழம். அவ்வளவு தூரத்துக்கு நிலம் உறையும். களிமண் கலந்த நிலம் கீழேயிருந்து நீரை உறிஞ்சி மேலே கொண்டுவரும், அது உறைந்து தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகி, மேலே இருப்பதைத் தூக்கும். உங்கள் போறணையின் பாரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே உறைகிற மட்டத்துக்குக் கீழே தூண் இறக்குங்கள். அல்லது மண்ணை எடுத்துவிட்டு, தண்ணீர் வடிந்தோடும்படி உடைகல் போட்டு இறுக்கி, இறுகிய ஃபோம் பலகையைத் தளத்துக்குக் கீழும் சுற்றிவர வெளியேயும் விரித்துக் கட்டுங்கள். இரண்டாவது வழிக்கு விஷயம் தெரிந்த ஒருவரின் வரைபடம் வேண்டும். கிண்டுவதற்கு முன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்குச் சொல்லுங்கள், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். நகரசபை, தீயணைப்புப் பகுதி, வீட்டுக் காப்புறுதி மூன்றையும் கேளுங்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு.

நீங்கள் பார்க்கிற காணொளிகளில் அரைவாசி கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எடுத்தவை. அங்கே தளம் நிலத்தின் மேல் கிடந்தால் கிடக்கும். அதைப் பார்த்து இங்கே கட்டுவது, பருத்தித்துறைக்குப் போட்ட சட்டையோடு ஜனவரியில் ஒட்டாவாவில் நிற்பது மாதிரி.

நிலத்துக்குள் காசு போடச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஆனால் மேலே பதிக்க மொசைக் கல், நீலமும் பொன்னிறமும், அதற்குக் காசு இருக்கிறது! அந்த மொசைக் செய்கிற வேலை தெரியுமா? உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மூடிவிடுகிறது. நெருப்பு வைத்ததும் அது நீராவியாகி, போக இடம் தேடி, பூச்சைப் பிளக்கிறது. மேற்பூச்சு மூச்சு விடவேண்டும், உச்சியில் ஆவி போக ஒரு சிறு துவாரமாவது வேண்டும். அந்தப் பூச்சுக்குள்ளே குவிமாடத்தைச் சுற்றி 3, 4 அங்குலத்துக்குச் செராமிக் ஃபைபர் போர்வை, அடித்தளத்துக்குக் கீழே கல்சியம் சிலிக்கேற் பலகை அல்லது வேர்மிகுலைற் கலந்த கொங்கிறீற். (அந்தப் போர்வையை வெட்டும்போது முகமூடி போடுங்கள், அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு.) இவை கண்ணுக்குத் தெரியாது, படத்தில் வராது. ஆனால் வெளியே மைனஸ் 15 என்றாலும் உள்ளே சூட்டைப் பிடித்து வைப்பது இவைதான். நனைந்தால் இவையும் வேலை செய்யாது. மறுபடியும் கூரை!

கட்டி முடித்த அன்றே ஆட்களைக் கூப்பிட்டுக் கொழுத்துவது இன்னொரு பைத்தியம். சாந்துக்குள் இருக்கும் தண்ணீர் மெதுவாகப் போகவேண்டும். ஒரு கிழமையாவது தினமும் சின்ன நெருப்பு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. பனிக்காலத்திலும் இதே பொறுமைதான்: முதல் ஒரு மணித்தியாலம் சிறு நெருப்பு, பிறகு பெருநெருப்பு. உறைந்த கல்லில் எடுத்த எடுப்பில் பெருநெருப்பு வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

"15 டொலருக்குப் பீட்சா வீட்டு வாசலுக்கு வருது, உதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று ஒரு பெறாமகள் கேட்டிருக்கிறா. நல்ல கேள்வி. வருடத்தில் இரண்டு தரம், பிறந்தநாளுக்கும் கனடா தினத்துக்கும் மட்டும் மூட்டப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து கட்டவேண்டாம். கடையில் விற்கும் சிறிய இரும்பு அடுப்பை வாங்கி, பனி வந்ததும் கொட்டிலுக்குள் வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 90 செக்கனில் வேகிற பீட்சாவுக்காக மட்டும் இரண்டு மூன்று மணித்தியாலம் விறகு எரிப்பது நட்டக் கணக்கு.

செங்கல் போறணை பீட்சாவோடு முடிகிற சாமானே அல்ல. ஊர் பேக்கரியில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். பாண் என்ற சொல்லைப்போல் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப் போனதுதான். உள்ளேயே விறகை எரித்து, தணலை இழுத்து வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, நீளக் காம்புப் பலகையால் பாணை உள்ளே தள்ளி வாசலை அடைப்பார்கள். நெருப்பு இல்லாத சூட்டில்தான் பாண் வெந்தது. பாண் முடிய, இறங்குகிற சூட்டில் பணிஸ், பிறகு பிஸ்கட். கவசம் ஒழுங்காகப் போட்ட போறணையில் சனி இரவு பீட்சா சுட்டால், ஞாயிறு காலை பாண், மத்தியானம் ஆட்டிறைச்சிச் சட்டி, மாலை விதைகளும் மிளகாயும் உலர்த்தலாம். ஒரு தீ, இரண்டு நாள் வேலை. அப்படிப் புழங்குகிறவர்கள் கட்டுங்கள். ஜனவரியிலும் மூட்டுங்கள். அடிக்கடி சூடு காண்கிற போறணையில் ஈரம் தங்காது.

கூரை போட மனமில்லாத சிலர் வேறு யோசனை வைத்திருக்கிறீர்கள்: குளிருக்குக் கராஜுக்குள் கட்டலாமாம், அல்லது கராஜ் கதவை அரைவாசி திறந்துவிட்டு வாசலில் மூட்டலாமாம். வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவைத் திறந்து வைத்தோம் என்பது அதற்கு விளங்காது. கராஜுக்கு மேலே பிள்ளைகள் படுக்கிற அறை இருக்கிற வீடுகள் எத்தனை! நான் இதில் விவாதிக்கத் தயாராக இல்லை.

விறகுக்கும் ஒரு சொல். மேப்பிள், ஓக், பேர்ச் நன்று, பிளந்து ஒரு வருடமாவது காயவிட்டதாக இருக்கவேண்டும். பழைய மதில் பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரம், எங்கிருந்து வந்ததென்று தெரியாத பலட் பலகை எதுவும் உள்ளே போகக்கூடாது. பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆசனிக் இருக்கிறது, அதன் சாம்பலில் உங்கள் பாண் வேகவேண்டாம். காய்ந்த விறகென்றால் புகையும் குறைவு, பக்கத்து வீட்டுக்காரரும் நகரசபைக்கு எடுக்கமாட்டார்.

கட்டலாமா என்று கேட்ட பிள்ளைக்கு: கட்டு மகள். மே மாதம் கிடங்கு கிண்டினால் ஓகஸ்டுக்குள் சாந்து வேலை முடியும், ஒக்ரோபர் இரவுக் குளிர் ஈரச் சாந்தைத் தொட விடாதே. குவிமாடம் எழும்பும்போது எல்லோரும் படம் போடுவார்கள், அதை நான் பிறகு பார்க்கிறேன். எனக்கு முதலில் கிடங்கின் படத்தை அனுப்பு, உள்ளே அளவுநாடா நிற்க, 4 அடி தெரியவேண்டும்.