தேடுபொறியும் மோட்டார் வணிகரும்

வாணிகம் என்பது கொள்வோனும் கொடுப்போனும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளுமிடத்துத் தொடங்குகின்றது. பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், அஃது இருக்குமிடம் வேண்டுவோர்க்குத் தெரியாதாயின் விலைபோகாது. பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்பது பழமொழி. மணமே சென்று வாங்குவோரை அழைத்து வரும் என்பது அதன் கருத்து. ஆயின் எல்லாப் பண்டங்களுக்கும் மணம் இல்லை. ஒருவர் தம் வாழ்நாளிற் சில முறையே வாங்குவதும், வாங்குமுன் பல நாள் ஆராய்வதும், வீட்டிற்கு அடுத்தபடியாகப் பெரும்பொருள் செலவாவதுமாகிய மோட்டார் வண்டிக்கு விளம்பரம் இன்றியமையாதது. அவ்விளம்பரத்திற்குரிய வாயில் இன்று பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் அடங்கியிருக்கின்றது. அதனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கார் வணிகர்க்கு நேர்ந்துள்ள நிலைமையை ஆராய்ந்து, அதுபற்றி நம் கருத்தினை வெளியிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நாட்டிற் புதிய கார் விற்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பல மாநிலங்களின் சட்டப்படி, கார் செய்யும் கம்பெனிகள் தம் வண்டிகளை மக்களுக்கு நேரே விற்றல் கூடாது. உரிமை பெற்ற உள்ளூர் வணிகர் வாயிலாகவே விற்றல் வேண்டும். சில புதுக் கம்பெனிகளுக்கு மட்டும் சில மாநிலங்களில் விலக்கு உண்டு. இங்ஙனம் உரிமை பெற்ற கடைகள் நாடெங்கும் 16 ஆயிரத்திற்கு மேல் உள்ளன. அவற்றுட் பல, தந்தைக்குப்பின் மகன் என வழிவழியாக நடத்தப்பெறுவன. இவற்றின் தனி இடர்ப்பாடு யாதெனின், அடுத்தடுத்த இரண்டு ஊர்களிலுள்ள இரண்டு கடைகளும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த வண்டியையே விற்கின்றன என்பதாம். பொருளில் வேற்றுமை இல்லாதவிடத்து, வாங்குவோன் கண்ணில் முதலிற் படுவோனே முந்துகின்றான்.

முற்காலத்தில் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளிலும் வானொலியிலும் விளம்பரம் செய்து வந்தனர். கால் பக்கத்திற்குப் பணம் கொடுத்தவனுக்குக் கால் பக்கம் கிடைத்தது. அடுத்த வாரமும் அவ்விலைக்கு அவ்விடமே கிடைக்கும் என்று அவன் நம்பியிருக்கலாம். 1998-ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஓர் இணையதளத்தை வேறு எத்தனை தளங்கள், எத்தகைய தளங்கள், சுட்டிக் காட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் முறை அவர்களுடையது. இது சான்றோர் ஒருவரைப் புகழ்ந்தால் ஊரார் அவரை மதித்தலை ஒக்கும். வாங்குவோர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு இப்பொறியை நாடினர். வணிகரும் அவர்களைப் பின்பற்றிச் சென்றனர். ஆயின் செய்தித்தாளின் விதி போன்றதன்று இப்பொறியின் விதி. அது மாறிக்கொண்டே இருப்பது. அதன் முழு வடிவத்தை வெளியார் எவரும் அறியார்.

இம்மாற்றங்களையெல்லாம் வணிகர் ஒருங்கே பழித்தலும், பொறியுடையார் ஒருங்கே புகழ்தலும் கேட்கின்றோம். இரண்டும் முறையல்ல. அவற்றை மூவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோடுதலே தக்கது.

முதல் வகை, வஞ்சனையையும் சோம்பலையும் ஒறுக்கும் மாற்றங்கள். இதற்கு ஐரோப்பாவில் நிகழ்ந்ததொன்றைச் சான்றாகக் காட்டலாம். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பி. எம். டபிள்யூ. என்னும் பெயர்பெற்ற கார்க் கம்பெனியின் ஜெர்மானியத் தளத்தைக் கூகிள் தன் பட்டியலினின்றும் நீக்கிற்று. பழைய கார் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லைப் பன்முறை அடுக்கிய பக்கங்களைப் பொறியின் கண்ணுக்குக் காட்டி, மக்கள் வந்தபொழுது வேறொரு பக்கத்திற்கு அவர்களைத் திருப்பிவிட்டதே குற்றம். அப்பக்கங்களைக் களைந்தபின் சில நாட்களில் அத்தளம் மீண்டும் சேர்க்கப்பெற்றது. பெரிய கம்பெனியென்று பாராது செய்த இச்செயல் பாராட்டற்குரியது.

பின்னர், 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாண்டா என்னும் மாற்றம் வந்தது. அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கினை அது தாக்கிற்று. சாரமற்ற எழுத்தும், பிறர் எழுத்தைப் படியெடுத்த எழுத்தும் கீழே தள்ளப்பட்டன. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த பெங்குவின், விலைக்கு வாங்கிய இணைப்புகளையும் போலி இணைப்புகளையும் ஒறுத்தது. கார் வணிகர் தளங்களிற் பல இவ்விரண்டிற்கும் எளிதில் இலக்காகும் நிலையில் இருந்தன. ஒரு சில நிறுவனங்களே அவர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுத்து வந்தமையால், கம்பெனி அனுப்பிய ஒரே வருணனை எழுத்துப் பிசகாமற் பல கடைகளின் தளங்களிற் காணப்பட்டது. சுற்றியுள்ள இருபது ஊர்களுக்கு இருபது பக்கங்கள். ஊர்ப்பெயர் ஒன்றே வேறு, மற்றவை யாவும் ஒன்று. இவற்றைப் படித்து வாங்குவோன் அடைந்த பயன் யாது? ஒன்றுமில்லை. தளம் அமைத்தோர் செய்த பிழைக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று வணிகர் கூறினர். தன் கடைப் பலகையில் எழுதப்பெறுவது யாதென்று பாராதவன், அதன் பயனைப் பிறர்மேல் ஏற்றுதல் பொருந்தாது. ஆகவே இவ்வகை மாற்றங்கள் நீதியானவை என்றே கொள்வோம்.

இரண்டாம் வகை, தேடுவோரின் வசதியைக் கருதியவை. கைப்பேசியிற் படித்தற்கேற்ற தளங்களுக்கு முதன்மை அளிக்கப்படும் என்று கூகிள் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்து, அதனை ஏப்ரல் 21-ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு தளம் அதற்கு ஏற்றதா என்று சோதித்தறியும் கருவியையும் அளித்தது. கார் வாங்குவோர் ஒரு கடையில் நின்றுகொண்டே மற்றொரு கடையின் விலையைக் கைப்பேசியில் தேடும் காலம் வந்துவிட்டமையின், இம்மாற்றம் தேவையானதே. காரணமும் கூறி, கெடுவும் கொடுத்து, சோதிக்கும் வழியும் காட்டிச் செய்தமையால், இதனால் வீழ்ந்தவன் பொறியை நோவதற்கு இடமில்லை.

இதனோடு 2014-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க. பீஜன் என்று பிறர் அதற்குப் பெயரிட்டனர். தேடுவோர் இருக்குமிடத்தையும் கடையின் தொலைவையும் முன்னிலும் நுட்பமாக அளந்து உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்துதல் அதன் நோக்கம். நோக்கம் நன்றே, ஆயின் முன்னறிவிப்பு இல்லை. அமெரிக்காவிற் கார்க் கடைகள் பெரும்பாலும் பரந்த நிலம் வேண்டி நகர்ப்புறத்து நெடுஞ்சாலை ஓரங்களில் அமைந்தவை. நகரின் நடுவே வாழ்வோர் தேடும்பொழுது அவை தொலைவிலுள்ளவையாகக் கணிக்கப்படுதல் இயல்பு. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற விரும்புவோன் அருகிலுள்ள கடையையே நாடுவான். ஆனால் ஒரு வண்டியை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகின்றவன், நல்ல விலைக்காக முப்பது மைல் செல்லவும் தயங்கான். இவ்விருவர் தேவையையும் ஒரே அளவுகோலால் அளந்தால், கொள்வோனுக்கும் குறை, கொடுப்போனுக்கும் குறை. இதனை முன்னறிவித்துக் கருத்துக் கேட்டிருப்பின் குறையிற் பாதியேனும் நீங்கியிருக்கும்.

இனி மூன்றாம் வகைக்கு வருவோம். நம் வழக்கு முழுவதும் இதன் மீதே நிற்கின்றது. வழிகாட்டியாக நின்ற பொறி, மெல்ல மெல்லத் தானே கடைத்தெருவாக மாறும் மாற்றங்கள் இவை. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நிலப்படத்தோடு காட்டப்பெறும் உள்ளூர்க் கடைகளின் எண்ணிக்கை ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது. முன்பு நான்காமிடம் முதல் ஏழாமிடம் வரை நின்ற கடைகள் ஒரு குற்றமும் செய்யாமலே மறைந்தன. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கணினித் திரையின் வலப்புறத்திருந்த விளம்பரங்கள் நீக்கப்பெற்று, வாணிகத் தேடல்களில் நான்கு விளம்பரங்கள் வரை உச்சியில் நின்றன. அதனால் விலையில்லா வரிசை மேலும் கீழே இறங்கிற்று. அவ்விளம்பர இடங்களோ ஏலத்தில் விடப்படுவன. ஒருவர் சொடுக்குந்தோறும் வணிகன் பணம் கொடுத்தல் வேண்டும். ஒரே காரை விற்கும் அண்டைக் கடைகளும், கார்களைப் பட்டியலிடும் பெருந்தளங்களும், காரைச் செய்த கம்பெனியும் ஒரே சொல்லுக்கு ஏலம் கூறுமாயின், ஆதாயம் ஏலம் விடுவோனுக்கன்றி வேறு யாருக்கு? 2022-ஆம் ஆண்டில் வண்டியின் படமும் விலையும் தோன்றும் புதுவகை விளம்பரமும் அங்கே சேர்ந்தது.

இன்னொரு நிகழ்ச்சி நினைத்தற்குரியது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில், விற்பனைக்குள்ள வண்டிகளின் விவரங்களைக் குறிப்பிட்டதொரு குறியீட்டு முறையில் எழுதிவைத்தால் அவற்றை விளம்பரக் கட்டணமின்றித் தேடல் முடிவுகளிற் காட்டுவதாகக் கூகிள் அறிவித்தது. அதற்கேற்பத் தளங்களைத் திருத்தியமைத்தற்கு உழைப்பும் பொருளும் செலவாயின. 2025-ஆம் ஆண்டு ஜூனில், அதிகம் பயன்படாதவை என்று சொல்லிக் கைவிட்ட சில வசதிகளுள் இதுவும் ஒன்றாயிற்று. இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் நிலை இதனின் வேறோ?

இவற்றிற்கெல்லாம் மேலாக, 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையையே பக்கத்தின் உச்சியிற் காட்டும் முறை அமெரிக்காவில் வந்துள்ளது. பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துத் தேடல்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய தொகுப்புத் தோன்றிய தேடல்களில் நூற்றுக்கு 8-இல் மட்டுமே தேடுவோர் ஏதேனும் ஒரு முடிவைச் சொடுக்கினர். தோன்றாதவற்றில் 15-இல் சொடுக்கினர். அஃதாவது, தளங்கள் எழுதிவைத்த செய்தியைக் கொண்டே விடை கூறப்படுகின்றது. எழுதியவர் வாயிலுக்கு வருவோரோ அருகிவிட்டனர். எந்தக் கார் குடும்பத்திற்கு ஏற்றது, எது மிகுதியாக எரிபொருள் குடிப்பது என்று விளக்கி எழுதிய வணிகன், தன் எழுத்தாலேயே தன் கடையை மறைத்துக்கொண்டவனாகின்றான்.

ஈண்டு ஒரு தடை நிகழும். கூகிள் ஒரு தனி நிறுவனம். அதன் பக்கத்தை அது விரும்பியவாறு அமைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லையா? விலை கொடாது இத்தனை ஆண்டுகள் பயன்பெற்றவர்கள், இப்பொழுது குறைகூறுதல் நன்றியோ? இத்தடை வலியுடையதே. பத்துக் கடைகளுள் ஒன்றாக அது இருப்பின் நாமும் இதனை ஏற்போம். ஆயின் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பை நோக்குக. பொதுத் தேடல்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறும், கைப்பேசித் தேடல்களில் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்தும் கூகிள் வாயிலாகவே நிகழ்வதை எடுத்துக்காட்டி, அந்நிறுவனம் சட்டத்திற்கு மாறாகத் தன் தனியுரிமையைக் காத்துவந்தது என்று அவர் தீர்ப்பளித்தார். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் பரிகாரம் கூறுமிடத்து, அதன் குரோம் உலாவியை விற்குமாறு கட்டளையிட மறுத்தாராயினும், பிறரைத் தடுக்கும் தனி ஒப்பந்தங்களை விலக்கினார். பல வழிகளுள் ஒன்றை உடையவன் தன் வழியை அடைக்கலாம். ஊருக்குள்ள ஒரே பாலத்தை உடையவன், நள்ளிரவில் அதன் வாயிலை மாற்றி வைப்பானாயின் ஊரார் கேட்க உரிமையுண்டு அன்றோ?

இது வணிகர் கவலை. நமக்கென்ன என்று கருதற்க. ஏலத்தில் ஏறும் விளம்பரச் செலவு, வண்டியின் விலையிலேனும் பழுதுபார்க்கும் கூலியிலேனும் வாங்குவோன் தலையிலேயே இறங்கும். கடை மூடப்பெற்றால் முதலாளி வேறு தொழில் காண்பார். மெக்கானிக்கும் விற்பனை செய்வோரும் கணக்கெழுதுவோருமே தெருவில் நிற்பர்.

ஆகவே நாம் வேண்டுவன சில. காட்சியை மாற்றுங்கால், 2015-இல் கைப்பேசிக்குச் செய்தவாறே, காரணமும் கெடுவும் முன்கூட்டி அறிவித்தல் வேண்டும். விளம்பரம் இது, முடிவு இது என்பது சிறுவனுக்கும் விளங்குமாறு பிரித்துக் காட்டுதல் வேண்டும். தவறாகத் தள்ளப்பட்டோர் முறையிட்டால் விடையிறுக்க ஒரு மனிதர் இருத்தல் வேண்டும். பிறர் எழுத்திலிருந்து விடை தொகுக்கும்பொழுது, எழுதியவரிடம் செல்லும் வழியை மறையாது காட்டுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் பொறியின் நுட்பத்தை வெளியிடுமாறு கேட்பதன்று.

வணிகரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். விளம்பரத்தில் ஒரு விலையும் கடையில் ஒரு விலையும் கூறும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கூலிக்குப் புகழ்மொழி எழுதுவித்தலை 2024-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையம் விதி வகுத்துத் தடுத்தது. அவ்விதி இல்லாவிடினும் பொய்ப்புகழ் நில்லாது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமோ? தம் வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்துத் தம் சொல்லில் எழுதுக. ஒருமுறை வந்தவரின் பெயரை நினைவில் வைத்து, பழுது நீக்கும் காலத்தில் அன்புடன் அழைக்க. தன்னை நேரே நாடி வரும் ஆயிரம் பேரை உடைய கடைக்கு, வரிசையில் மூன்றாமிடமோ முப்பதாமிடமோ பேரிழப்பாகாது.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை இத்தகைய பொறிகளை ஆக்குவீர்கள். சிலர் கடை வைப்பீர்கள். எல்லோரும் ஏதேனும் ஒன்றைத் தேடுவீர்கள். ஆக்குவோர், தம் விதியொன்று மாறினால் எத்தனை வீட்டு அடுப்பு அதனால் அசையும் என்று எண்ணிப் பார்த்து மாற்றுக. கடை வைப்போர், பிறர் நிலத்தில் நின்றுகொண்டு அதனைத் தம் நிலமென்று எண்ணாதிருக்க. தேடுவோர், முதலில் தோன்றியதே சிறந்தது என்று கொள்ளாது, இன்னும் இரண்டு கடைகளின் வாயிலையேனும் தட்டிப் பார்ப்பீர்களாக.